நாலு டம்ளர் தண்ணீர்

ஸ்கேன் பிரிவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. தண்ணி வாத்தியார் என்றால்தான் தெரியும். வெளியாட்கள் அந்தப் பெயரைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துக்கொண்டு நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். பாவம், மனுஷன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. வயிற்றுப் புற்றுநோய்க்காக சி.டி. ஸ்கேன் எடுக்க வருகிறவர்களுக்கு அவன் தண்ணீரைப் பற்றி எடுக்கும் பாடம்தான் பெயருக்குக் காரணம்.

"வெறும் வயித்துல வரச் சொன்னது சாப்பாட்டுக்கு. இப்ப குடிக்கறது படத்துக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. நாலு டம்ளர். மூணு டம்ளர் இங்க உக்காந்து அரை மணி நேரத்துல மெதுவா. நாலாவது, மிஷின்ல படுக்கறதுக்கு முன்னாடி. வயிறு காலியா இருந்தா பிழிஞ்சு போட்ட துணி மாதிரி சுருண்டு கெடக்கும். அதுல எது மடிப்பு, எது கட்டி, எது நெறின்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. தண்ணி போனாத்தான் விரிஞ்சு குடுக்கும். புரியுதா? மிச்சம் வெக்கக் கூடாது."

நெறி என்று அவன் சொல்வது நிணநீர்க் கணுக்களை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதே சங்கதிதான். வயிற்றைச் சுற்றியும் அப்படிக் கணுக்கள் உண்டு. நோய் வயிற்றோடு நிற்கிறதா, வெளியே கிளம்பிவிட்டதா என்பதை முதலில் அவைதான் காட்டிக்கொடுக்கும். வயிற்றை ஒட்டிய கணுக்கள் மட்டும் வீங்கியிருந்தால் அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு. முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பவையும் வீங்கிவிட்டால், பெரும்பாலும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அவன் அந்தப் பாடத்தை எடுக்கவில்லை. அந்த ஒரு ஆள் அவனுடைய அக்கா.

அக்கா வீடு ஒன்றும் ஏழு கடல் தாண்டி இல்லை. பஸ்ஸில் நாலு நிறுத்தம். ஆறு வருடத்துக்கு முன் மாமாவுக்கு மாற்றல் கிடைத்து இந்த ஊருக்கே வந்துவிட்டார்கள். நேர் வழியில் போனால் அவன் பதினைந்து நிமிடத்தில் வேலைக்கு வந்துவிடலாம். ஆனால் அவன் தினமும் சுற்றுவழி பஸ்ஸில் ஏறுவான், அது அக்கா குடியிருக்கும் கட்டடத்தைத் தாண்டிப் போகிறது என்பதற்காக. மூன்றாவது மாடி, இடது கோடி பால்கனி. அங்கே கொடியில் காயும் துணிகளைப் பார்த்துத்தான் அவன் அந்த வீட்டுச் செய்தி எல்லாம் தெரிந்துகொண்டான். பள்ளிச் சீருடை போய்க் கல்லூரிப் பெண்ணின் உடுப்புகள் வந்தன. பிறகு அவையும் மறைந்தன. வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது போல என்று தனியாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டான். மாமாவின் காக்கிச் சட்டை நின்றுபோன மாதம், அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று புரிந்துகொண்டான்.

அக்கா துணி காயப்போடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கும். உதறி, ஓரம் இழுத்து, சட்டைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விடுவாள். இரண்டு மாதமாகத் துணிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. அது மாமாவின் கைவரிசை என்று பஸ் ஜன்னலில் இருந்தே தெரிந்துவிட்டது. அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவனுக்குப் பட்டது. போனை எடுத்துக் கடைசி எண் வரை அழுத்துவான், அழித்துவிடுவான். இறங்கிப் போய்க் கதவைத் தட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கிறவர்களுக்கு என்ன, கேட்டுவிடலாம். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது பதினோரு வருடத்துக் கோபம்.

பதினோரு வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மாவுக்கு வயிற்றுப் புற்றுநோய். இதே மிஷினில் அவன்தான் படம் எடுத்தான். படம் திரையில் வந்த மறு நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா அப்போது ஒரு பகல், ஒரு இரவு பயண தூரத்தில் இருந்தாள். அன்று சாயங்காலமே போன் செய்தாள். "டேய் சுண்டு, நீயே எடுத்தியாமே. என்னடா இருந்துச்சு? நான் இப்பவே கிளம்பவா?" என்றாள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? "அவசரம் ஒண்ணும் இல்லக்கா. பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், மெதுவா வா." பதினெட்டாவது நாள் அம்மா போய்விட்டாள். அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் அழவில்லை. "நீ பாத்தியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெத்தவளோட கடைசி நாள என்கிட்டருந்து திருடிட்ட. இனிமே உன் கையால பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில் பாகற்காயைத் தொடமாட்டேன் என்று சொன்னவள் இன்றுவரை தொட்டதில்லை.

அப்படிப்பட்டவளின் பெயர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவனுடைய பட்டியலில் நான்காவதாக இருந்தது. வயது ஐம்பத்துநாலு, இரைப்பைப் புற்றுநோய், கணுப் பரவல் அறிய, என்று எழுதியிருந்தது. அந்த வரியை அவன் எத்தனை தடவை படித்தான் என்று அவனுக்கே தெரியாது. வேலையை மாற்றிவிட ஆள் இல்லை. இன்னொரு டெக்னீஷியன் விடுப்பில் இருந்தாள்.

பத்து மணிக்கு அக்கா வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கழுத்து மட்டும் அதே நிமிர்வில் நின்றது. அவனைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க உக்காரணும்னு அந்த ஆள்கிட்ட கேளுங்க."

"எங்க உக்காரணும்னு கேக்கறா" என்றார் மாமா.

"அந்த பெஞ்சுல உக்காரச் சொல்லுங்க மாமா. நகை ஏதாவது போட்டிருந்தா கழட்டச் சொல்லுங்க."

"நகை போட்டிருந்தா…"

"கழட்டிட்டுத்தான் வந்தேன்னு சொல்லுங்க."

இருவருக்கும் நடுவில் மூன்றடி தூரம்கூட இல்லை. மாமா இருவர் சொன்னதையும் ஒரு சொல் பிசகாமல் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷன். பெண்டாட்டி சொல்லைத் தட்டியதே இல்லை, அதுதான் அன்றைக்கு வினையாகப் போனது.

அவன் கூஜாவில் தண்ணீரும் ஒரு டம்ளரும் கொண்டுவந்து பெஞ்சின்மேல் வைத்தான். பாடம் எடுக்க வாயைத் திறந்தான். "நாலு டம்ளர்" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன், வேண்டிய இடத்தில் ஊமையாகிவிட்டான்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து கூஜாவைத் தூக்கிப் பார்த்தான். காலி. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குடித்துவிட்டாள்! அவன் ஊற்றிவைத்த தண்ணீரை அக்கா குடித்துவிட்டாள்! நாலாவது டம்ளரையும் சேர்த்தே குடித்தாயிற்று என்று மாமா சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அவன் துருவித் துருவிக் கேட்டிருப்பான். அன்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்காவை மிஷினில் படுக்கவைத்துக் கையில், ரத்தக் குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் சாய ஊசிக்கான குழாயைப் பொருத்தும்போது அவன் விரல்களில் பழைய காலத்துக் குஷி இருந்தது. மாமா அதற்குள் மூன்றாவது தடவையாகக் கழிப்பறைக்குப் போனதை அவன் கவனித்தான். சர்க்கரை இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

"மூச்ச இழுங்க, பிடிங்க" என்று மைக்கில் சொன்னான். படங்கள் வரிசையாகத் திரையில் இறங்கின. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் பிழிந்து போட்ட துணி கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவன் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். கழிப்பறைக் கதவு திறந்து மூடும் சத்தம் வெளியே கேட்டது. அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஒரு கூஜாத் தண்ணீர் முழுவதையும் மாமாவே குடித்திருக்கிறார்.

ஸ்கேன் படிக்கும் டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை உருட்டினார். "என்ன வாத்தியாரே, தண்ணி குடுக்கலையா?"

"குடுத்தேன் மேடம். பாடம் எடுக்கல."

"இங்க பாருங்க." அவர் பென்சிலால் பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் தொட்டார். அங்கே பதினான்கு மில்லிமீட்டரில் ஒரு உருண்டை இருந்தது. "இது வீங்கின கணுவா, இல்ல தண்ணி போகாத வெறுங்குடல் மடிஞ்சு கெடக்கா? என்னால சத்தியம் பண்ண முடியாது. கணுன்னு எழுதினா சர்ஜன் கை வெக்க மாட்டார். குடல்னு எழுதி அது கணுவா இருந்தா, வீணா வயித்தக் கிழிப்பாங்க. சாய ஊசி மறுபடி போடணும், அதனால கிட்னி டெஸ்ட் பாத்துட்டு, ரெண்டு நாள் கழிச்சு எடுங்க. இந்தத் தடவ அவங்க உங்க கண்ணு முன்னாடி குடிக்கணும்."

அந்த உருண்டையை அவன் வெறித்துப் பார்த்தான். அம்மாவுக்கும் அதே இடம்தான். ஐயோ, அதே இடம்.

வெளியே அக்கா புறப்படத் தயாராக இருந்தாள். மாமா அவன் முகத்தைப் பார்த்ததுமே உளறிவிட்டார். "அவதான் குடிங்கன்னா. நாலு டம்ளர். நான் என்ன பண்ண, எனக்குத் தாகமே இல்ல."

"வெறும் வயித்துல வரச் சொல்லிட்டு, வந்ததும் தண்ணி குடின்னா அது என்ன நியாயம்?" என்று அக்கா மாமாவைப் பார்த்துச் சொன்னாள். "சும்மா ஒப்புக்குக் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். அதோட நான் சொன்னது சொன்னதுதான். அந்த ஆள்கிட்ட சொல்லுங்க."

"மாமா, நீங்க சொல்ல வேண்டாம்" என்று அவன் பெஞ்சுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு பாடத்தை முதலில் இருந்து எடுத்தான். வெறும் வயிறு எதற்கு, தண்ணீர் எதற்கு, வெறுங்குடல் எப்படிக் கணுவாக வேஷம் போடும் என்று ஒன்று விடாமல் சொன்னான். "தப்பு என் பேர்ல. உன்னப் பாத்ததும் வாய் வரல. நாளன்னைக்கு மறுபடி எடுக்கணும், வேற டெக்னீஷியன் லீவுல இருக்கா, நான்தான் தண்ணி குடுத்தாகணும். எவ்வளவு வேணாலும் என்னத் திட்டு. தண்ணிய மட்டும் குடிச்சிடுக்கா."

அக்கா பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நேராக அவனைப் பார்த்தாள்.

"இப்ப ஏதோ பாத்திருக்க. மூஞ்சியே சொல்லுது."

"படம் எடுக்கறவன் ரிசல்ட் சொல்லக் கூடாது. ரூல்."

"அன்னைக்கும் ரூல்தானா?"

ரூல்தான் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அத்தனை வருடமும் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான்.

"இல்லக்கா. அன்னைக்கு ரூல் ஞாபகமே வரல. பயம். நான் வாயத் தெறந்து சொன்னா நெசமாயிடும்னு பயம்."

அக்கா எழுந்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நாளன்னைக்கு வரேன். குடிக்கறேன். ஆனா படத்துல என்ன இருந்தாலும், நீயே என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். கூட்டாம, கொறைக்காம சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்றேன்."

சொல்லிவிட்டான், சரி. அடுத்த இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் போகும்போது கொடியைப் பார்த்தான். அன்றும் கோணல்தான். இந்தத் துணிகளை இனி எப்போதும் மாமாதான் காயப்போட வேண்டுமோ என்ற நினைப்பு வந்ததும் கண்ணை ஜன்னலில் இருந்து எடுத்துவிட்டான். அக்கா நன்றாக இருந்தால் போதும், தன்னோடு பேசக்கூட வேண்டாம், அந்தச் சட்டைகள் தலைகீழாக ஒரு சாண் இடைவெளியில் தொங்கினால் போதும் என்று யாரிடமென்றே தெரியாமல் கேட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை அக்கா சொன்ன நேரத்துக்கு வந்தாள். அவன் கூஜாவை இரண்டு தடவை கழுவி நிரப்பிக்கொண்டு வந்தான். டம்ளரில் ஊற்றி நீட்டினான். அவள் கொஞ்ச நேரம் அந்த டம்ளரையே பார்த்தாள். பிறகு வாங்கினாள். விரல் நுனி அவன் விரலில் பட்டது, சில்லென்று இருந்தது. முதல் டம்ளரை மெதுவாகக் குடித்தாள். இரண்டாவதில் பாதிக்கே முகம் சுளித்தாள். நோய் வந்த வயிறு, கொஞ்சம் உள்ளே போனாலே நிறைந்துவிடும். "மெதுவா" என்றான். "தெரியும்" என்றாள். மாமா இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கூஜாப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மூன்றாவதுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அவன் வேறு எந்த வேலைக்கும் போகவில்லை. அக்கா தொண்டையில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எத்தனை ஆசை அந்த மனுஷனுக்கு, ஒரு டம்ளர் தண்ணீரில்! நாலாவதை மிஷின் பக்கத்தில் நின்றபடி குடித்துவிட்டு, காலி டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தபோது கை பொத்தானுக்குப் போகவில்லை. அழுத்தினால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும். இந்தத் தடவை தப்பிக்க வழி கிடையாது. "மூச்ச இழுங்க, பிடிங்க" என்றான். அவனும் சேர்ந்து பிடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா முதலில் வயிற்றில் நின்றார். தண்ணீரில் விரிந்து, சுவர் தெளிவாகத் தெரிந்தது. கட்டி தெரிந்தது. அதை ஒட்டிய கணுக்களின் குறுக்களவை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்பது, பதினொன்று, எட்டரை. "மூணு" என்றார். பிறகு கீழே உருட்டிப் பெரிய குழாய்க்கு வந்தார். அந்த உருண்டை இருந்த இடத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு குடல் வளையம் கிடந்தது. அவர் மேலும் கீழுமாக நாலு தடவை உருட்டினார். "குடல்தான். இங்க எதுவும் வீங்கல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மேடம், நான் அவங்ககிட்ட சொல்லணும். வாக்கு குடுத்துட்டேன்."

டாக்டரம்மாவுக்கு எவ்வளவு தெரியுமோ, என்னவோ. "தனியா சொல்லக் கூடாது. நானும் வரேன். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. அளவ வெச்சு சந்தேகப்படலாம், சத்தியம் பண்ண முடியாது. சின்னதுலயும் நோய் இருக்கும், பெருசு சும்மாவும் வீங்கும்" என்று எழுந்து வந்தார்.

அக்கா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்லதை மட்டும் சொன்னால் என்ன என்று ஒரு நொடி அவனுக்குச் சபலம் தட்டியது. பழைய புத்தி எங்கே போகும்! அவள் முகத்தைப் பார்த்தான்.

"வயித்த ஒட்டி மூணு நெறி வீங்கியிருக்குக்கா. அங்க பரவியிருக்கலாம்னு சந்தேகம். தூரத்துல, பெரிய குழாய்க்குப் பக்கத்துல எதுவும் இல்ல. அன்னைக்குச் சந்தேகப்பட்டது வெறுங்குடல். முதல்ல மருந்து, அப்புறம் ஆபரேஷன்னு பேசுவாங்க. படத்துக்கு அகப்படாததும் இருக்கலாம். இதுதான் நான் பாத்தது."

டாக்டரம்மா தலையை அசைத்தார். மாமா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவுக்கு?"

"என்னக்கா?"

"அம்மா படத்துல என்ன பாத்தன்னு நீ எனக்கு இன்னும் சொல்லல."

அவன் சொன்னான். "பெரிய குழாயச் சுத்திக் கொத்தா இருந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நாள் இல்லன்னு." நிறுத்தியிருக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான். "இன்னொண்ணும் இருக்கு. அம்மா உன்னக் கேட்டுக்கிட்டே இருந்தா. அக்காவ வரச் சொல்லுடான்னு தினமும் சொன்னா. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு பதினேழு நாள ஓட்டிட்டேன்."

மறுபடியும் எழுந்து போய்விடுவாள், இந்தத் தடவை போனால் போனதுதான் என்று அவன் நினைத்தான்.

"தினமும் கேட்டாளா?" என்றாள் அக்கா.

"தினமும். கடைசி நாளும் கேட்டா."

அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பதினோரு வருடத்துக்கு முன் அழாமல் போனவள் இப்போது அழுதாள். அம்மா தன்னைத் தேடினாளா, தேடாமலே போய்விட்டாளா என்று எத்தனை வருடம் தனியாகக் கிடந்து மருகியிருப்பாள்! அவன் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். டாக்டரம்மா நைசாக உள்ளே போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தொண்ட காயுது. தண்ணி வேணும்."

"இரு, நான் கொண்டுவரேன்" என்று மாமா பாய்ந்து எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. நீங்க தண்ணி விஷயத்துல பட்டது போதும்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "டேய் சுண்டு, நீ கொண்டா."

அவன் கூஜாவைச் சாய்த்தபோது அவசரத்தில் பாதித் தண்ணீர் பெஞ்சில் கொட்டியது. மீதியை வாங்கி, அவள் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.